பத்தொன்பதாவது வாரத்தின் முதலிடம்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, நான் வேலை பார்க்கும் நாட்டின் தெற்கு மூலையில் உள்ள ஒரு சிற்றூரில், ஒரே ஆள், ஒரே ரசீதில், ஒரே ஆல்பத்தின் 240 குறுந்தகடுகளை வாங்கினார்.

2. திங்கட்கிழமை காலை எங்கள் அலுவலக மென்பொருள் அந்த ரசீதைச் சிவப்பாகக் காட்டியது. சிவப்பைச் சரிபார்ப்பது என் வேலை.

3. கடைக்குத் தொலைபேசினேன். நான்கு நிமிடம் பேசினேன். ‘வழக்கமானது’ என்ற கட்டத்தில் குறியிட்டேன்.

4. அந்த வாரம், ஆண்டின் பத்தொன்பதாவது வாரம், நாட்டின் ஆல்பம் பட்டியலில் அது முதலிடம் பெற்றது. இரண்டாம் இடத்தைவிட 31 பிரதிகள் அதிகம்.

5. அதன் பிறகு பல மாதங்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை.

6. டிசம்பர் முதல் வாரத்தில், அண்ணன் கல்யாணத்துக்காக நான் உத்திரமேரூர் வந்திருந்தபோது, மேலாளரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. “பத்தொன்பதாவது வாரத்தில் ‘வழக்கமானது’ என்று குறித்திருக்கிறாய். யாருடைய வழக்கம்?”

இந்த ஆறில் தவறு எங்கே நடந்தது என்று நாலைந்து நாளாக யோசிக்கிறேன். முதலில் மூன்றாவது என்று நினைத்தேன். இடையில் ஒரு நாள் முதலாவது என்று நினைத்தேன். இப்போது நிச்சயமாக எதுவும் சொல்ல முடியவில்லை.

ஒன்று

நாட்டின் பெயரை எழுதவில்லை. பால்டிக் கடலோரத்துச் சின்ன நாடு. நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கும் அளவுக்குத்தான் மொத்த நாட்டிலும் மக்கள். அங்கே இந்த வேலையைச் செய்யும் அலுவலகம் எது என்று பெயரைச் சொன்னாலே தெரிந்துவிடும்.

வேலை இதுதான். ஒவ்வொரு வாரமும் நாட்டில் எந்த ஆல்பத்தை அதிகம் பேர் வாங்கினார்கள், எதை அதிகம் கேட்டார்கள் என்று கணக்கெடுத்துப் பட்டியல் போடுகிறோம். கைப்பேசியில் கேட்டதை ஒரு வாய்பாட்டின்படி பிரதிகளாக மாற்றுகிறோம். கடையில் விற்றதை அப்படியே சேர்க்கிறோம். வெள்ளிக்கிழமை பட்டியல் வெளியாகும். டிசம்பர் நடுவில், நவம்பரோடு முடிந்த ஐம்பத்திரண்டு வாரங்களில் ஒவ்வொன்றிலும் முதலிடத்தில் இருந்தது எது என்று ஐம்பத்திரண்டு வரிகளில் ஆண்டுப் பட்டியல் வரும். அதை அங்கே பெரிதாக மதிக்கிறார்கள். நூலகங்கள் கோப்பில் வைக்கின்றன. அதில் ஒரு வரி கிடைத்த பாடகர் அதைச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்கிறார்.

அம்மா ஊரில் “பாட்டு கம்பெனில கீறா” என்று சொல்லி வைத்திருக்கிறாள். நான் பாடுவேனா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். நான் படித்தது கணிப்பொறிப் பொறியியல். அந்த நாட்டின் பாடகர்களில் பாதிப் பேர் பெயரை எனக்கு இன்னும் சரியாகச் சொல்ல வராது. எழுத்துக்கூட்டித் தட்டச்சு செய்வேன், அவ்வளவுதான்.

மென்பொருள் சிவப்புக் காட்டுவதற்கு ஒரு விதி இருக்கிறது. ஒரே ரசீதில் பத்துக்கு மேல் போனால் அது மொத்தக் கொள்முதல். எத்தனை வாங்கினாலும் ஒன்று என்றுதான் எண்ண வேண்டும். தன் ஆல்பத்தைத் தானே வாங்கி மேலே ஏற்றிக்கொள்பவர்களைத் தடுக்கும் ஏற்பாடு. விலக்கும் உண்டு. அந்த ஊர் வழக்கப்படி நடக்கும் கொள்முதல் என்றால் முழுதாக எண்ணலாம். அங்கே ஊருக்கு ஊர் கூட்டிசைக் குழு இருக்கிறது. நாற்பது பேர் பாடும் குழு தங்களுக்கு நாற்பது வாங்கினால் நாற்பதும் கணக்கில் வரும். எது வழக்கம், எது இல்லை என்று சரிபார்ப்பவர் கேட்டு எழுத வேண்டும்.

அப்படிக் கேட்டு எழுத வேண்டிய இடத்தில்தான் நான் கேட்கவில்லை.

இரண்டு

மே மாதத்துத் தொலைபேசி உரையாடல் முழுவதும் எனக்கு நினைவிருக்கிறது. கடைக்காரர் பெயர் ஐவார். மெதுவாகப் பேசுவார்.

“ஆமாம், இருநூற்று நாற்பது. இந்த ஊர் உருளைக்கிழங்குப் பண்ணைக்காரர். அவருக்கு அறுபதாவது பிறந்தநாள். பெரிய விருந்து. வருகிறவர்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒன்று கொடுத்து அனுப்பப் போகிறார்.”

“ஓ, சரி” என்றேன். நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

அறுபது வயது நிறைவு. விருந்து. திரும்பிப் போகிறவர் கையில் ஏதாவது ஒன்று. இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? எங்கள் பக்கம் காது குத்துக்குப் போனாலும் பையோடுதான் வீடு திரும்புவோம். தேங்காய்க்குப் பதில் பாட்டு என்று நினைத்துக்கொண்டு குறியிட்டேன். நான்கு நிமிடத்தில் முதல் இரண்டு நிமிடம் வானிலை.

அந்த ஆல்பம் லெய்டா என்ற பெண்மணியுடையது. அறுபத்தெட்டு வயது. வேலைக்காலம் முழுவதும் அந்தத் தெற்கு ஊர்களில் சைக்கிளில் தபால் கொடுத்தவர். அக்கார்டியன் வாசித்துப் பாடுவார். ஓய்வு பெற்று வடக்குக் கடற்கரையில் மகளோடு இருக்கிறார். அங்கேதான், ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், முதன்முறையாகத் தன் பாட்டுகளைப் பதிவு செய்தார். முதலிடம் வந்த வாரம் நாளிதழ்களில் படம் போட்டார்கள். பிறகு எங்கள் அலுவலகத்துக்கு அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மேலாளர் மாரிகா அதை எனக்கு ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டினார்.

“இத்தனை வருடம் நான்தான் எல்லார் வீட்டுக்கும் கடிதம் கொண்டு போனேன். இப்போது முன்பின் தெரியாத இத்தனை பேர் என்னைத் தங்கள் வீட்டுக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். அவர்கள் யார் யார் என்று தெரிந்தால் நன்றி சொல்வேன். உங்களிடம் பட்டியல் இருக்குமா?”

மாரிகா சிரித்தார். நானும் சிரித்தேன். எங்களிடம் அப்படிப் பட்டியல் கிடையாது என்று பதில் போட்டோம்.

மூன்று

மின்னஞ்சல் வந்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் எங்கள் கூடத்தில் அறுநூறு தாம்பூலப் பைகள் கிடந்தன. மஞ்சள் பை, சிவப்பு எழுத்தில் அண்ணன் பெயரும் அண்ணி பெயரும். நான் பாக்குப் பொட்டலம் போட, மாகறல் சித்தி தேங்காய் போட, அம்மா எண்ணிக் கட்டிக்கொண்டிருந்தாள். வெற்றிலை கல்யாணத்தன்று காலையில் போடுவது. வெளியே மழை. ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாகப் போகிறது என்று நைனா பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

மின்னஞ்சலில் நான்கு விஷயங்கள் இருந்தன. ஆண்டுப் பட்டியலைத் தணிக்கை செய்தவர்கள் அந்தக் குறியைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் விளக்கம் வேண்டும். வழக்கம் என்பதற்கு ஆதாரம் இல்லையென்றால் 240 என்பது ஒன்றாகிவிடும். லெய்டா நான்காம் இடத்துக்கு இறங்கிவிடுவார். கடைசி வாக்கியத்தை மாரிகா தனியே எழுதியிருந்தார். என் ஒப்பந்தம் ஜனவரியில் முடிகிறது, புதுப்பிக்கும் கூட்டத்தில் இதுவும் பேசப்படும்.

ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டால்தான் குடியிருப்பு அனுமதி புதுப்பிக்கப்படும். மாரிகா அதை எழுதவில்லை. எழுதத் தேவையில்லை.

“இன்னாடி, மூஞ்சி தொங்கிப் போய் கீது?” என்றாள் அம்மா.

“ஆபீஸ்ல இருந்து லெட்டர் வந்துகீதும்மா.”

“கல்யாண வூட்ல இன்னா லெட்டரு? ரெண்டு நாளு பொறுக்க மாட்டானா அவன்?”

“அவன் இல்லம்மா. பொம்பள.”

“பொம்பளயா?” என்றாள் சித்தி. “அப்ப பொறுக்கவே மாட்டா.”

விஷயத்தைச் சொன்னேன். சித்தி ஒரு தேங்காயைக் கையில் வைத்தபடி கேட்டாள்.

“அறுவது வயசு ஆளு. வந்தவனுக்கெல்லாம் பாட்டு பிளேட்டு குட்த்து அனுப்பிக்கீறான். இதுல இன்னா தப்பு கீது?”

“தப்பு இல்ல சித்தி. அது அந்த ஊரு பழக்கமான்னு கேக்குறாங்க.”

“இது பழக்கம் இல்லாத ஊரு ஒண்ணு கீதா? அப்போ வெறுங்கையோட அனுப்புவாங்களா?”

அதற்குத்தான் எனக்கு மே மாதத்திலிருந்தே பதில் தெரியும். கேட்கத்தான் யாரும் இல்லை. அங்கே விருந்துக்கு வருகிறவர்கள்தான் ஏதாவது கொண்டு வருவார்கள். பூ, மதுப்புட்டி, கேக். வீட்டுக்காரர் சாப்பாடு போட்டுக் கைகுலுக்கி அனுப்புவார். நானே மூன்று பிறந்தநாள்களுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பி வந்திருக்கிறேன். வரும் வழியில் பேருந்தில் கையில் எதையோ விட்டுவிட்டு வந்தது போல இருக்கும். அது ஏன் என்று அப்போதும் யோசிக்கவில்லை. குறியிடும்போதும் யோசிக்கவில்லை.

“வர்றவங்கதான் எடுத்துக்கினு வருவாங்க சித்தி. வூட்டுக்காரரு ஒண்ணும் தர மாட்டாரு.”

“த்தூ. அது ஒரு ஊரு.”

“அந்த ஊர்லதான் இவ போய் குந்திக்கினு கீறா” என்றாள் அம்மா. “ஏம்மா, அவன் குட்த்தான், அவுங்க வாங்கிக்கினாங்க. எத்தினி குட்த்தான்றத எழுதிட வேண்டியதுதான? உனுக்கு இன்னா பேஜாரு?”

நான் மூச்சை உள்ளே இழுத்து ‘ஆமா’ என்றேன். அந்த நாட்டில் ஆமாம் என்பதை மூச்சை உள்ளே இழுத்துத்தான் சொல்வார்கள். இரண்டு வருடத்தில் எனக்கு ஒட்டிக்கொண்டது.

“இன்னாடி, மூச்சு வாங்குது உனுக்கு?” அம்மா பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து என் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். இல்லை, அங்கே இப்படித்தான் பேசுவார்கள் என்று சொன்னேன்.

“மூச்சு வுட்டு பேசறதுக்கு கூடவா கஞ்சத்தனம்?” என்றாள் சித்தி. அதற்கப்புறம் கல்யாணம் முடியும்வரை என்னைப் பார்த்தவர்களிடமெல்லாம் அதை நடித்துக் காட்டினாள்.

நான்கு

மறுநாள் மத்தியானம், அங்கே காலை, மொட்டை மாடியில் பந்தல் கம்புகளுக்கு நடுவே நின்று ஐவாரைக் கூப்பிட்டேன். கீழே மேளக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்க வேண்டிய கேள்விகளை ஐந்தாக எழுதி வைத்திருந்தேன். முதல் கேள்வி: உங்கள் ஊரில் இது வழக்கமா?

“வழக்கமா?” ஐவார் யோசித்தார். “இல்லையே. நான் கடை வைத்த நாளாக ஒருவரும் செய்ததில்லை. ஊரே பேசியது.”

“அப்படியானால் அவர் ஏன் செய்தார்?”

இந்தக் கேள்வி என் பட்டியலில் இல்லை.

அந்தப் பண்ணைக்காரர் இளைஞராக இருந்தபோது தொலைவில் ராணுவச் சேவையில் இருந்தாராம். அவருடைய கடிதங்களை அவர் தாயாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தவர் லெய்டா. தாயாருக்குக் கண் சரியில்லை. லெய்டாவே சைக்கிளை நிறுத்திவிட்டு உட்கார்ந்து வாசித்துக் காட்டுவாராம். லெய்டாவுக்கு அது நினைவிருக்குமா என்பதுகூடத் தெரியாது என்றார் ஐவார்.

“கடைக்கு வந்தவர் முதலில் கேட்டது, முதலிடம் வருவதற்கு எத்தனை வாங்க வேண்டும் என்று. எனக்கு எப்படித் தெரியும்? உன்னிடம் எத்தனை இருக்கிறதோ எல்லாவற்றையும் கொடு என்றார். போதாது என்று இன்னும் வரவழைத்தேன். வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார், அது உண்மை. நானும் ஒன்று வாங்கி வந்தேன். ஆனால் லெய்டாவுக்குத் தெரியக்கூடாது என்று எல்லாரிடமும் கேட்டுக்கொண்டார். தெரிந்தால் அது வேறு ஏதோ ஆகிவிடும் என்றார்.”

எழுதி வைத்திருந்த மற்ற நான்கு கேள்விகளுக்கும் வேலையில்லாமல் போயிற்று. அவரே தொடர்ந்தார்.

“உங்களுக்குச் சிக்கலா?”

“கொஞ்சம்.”

“எங்கள் ஊரில் கூட்டிசைக் குழு இருக்கிறது. விருந்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் என்றைக்காவது அதில் பாடியவர்கள்தான். குழுவுக்காக வாங்கியது என்று நான் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். யாரும் வந்து எண்ணப் போவதில்லை.”

நல்ல மனிதர். என் வேலை, என் அனுமதி, லெய்டாவின் வரி எல்லாவற்றையும் ஒரே தாளில் காப்பாற்றித் தருவதாகச் சொல்கிறார். நாளை சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். நாளை கல்யாணம்.

மாடியிலேயே நின்று கைப்பேசியில் இரண்டு பத்தி போட்டு எழுதினேன். ஒரு பக்கம்: அவர் உண்மையாகவே கொடுத்தார்; வாங்கியவர்கள் உண்மையான மனிதர்கள்; 240 வீடுகளில் லெய்டா இருக்கிறார். இன்னொரு பக்கம்: முதலிடம் வர வேண்டும் என்றே வாங்கினார், விதி தடுக்க நினைத்தது இதைத்தான். இரண்டு பத்தியும் ஒரே நீளம் வந்தது. எதற்கும் உதவவில்லை.

ஐந்து

காலை முகூர்த்தம். தாலி கட்டும்போது கொட்டிய மழை பந்தி முடியும்வரை நிற்கவில்லை. மண்டப வாசலில் பை மேசைக்கு என்னையும் சித்தியையும் போட்டார்கள். “இவளுக்கு யாரையும் தெரியாது, அதனால யாருக்கும் ரெண்டு குடுக்க மாட்டா” என்று நைனா சொன்னார். அது தப்பாகப் போயிற்று. யாரையும் தெரியாததால் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தேன்.

“எங்க வூட்டுக்காரருக்கு ஒண்ணு. அவரு வரல, கால்ல அடி.”

“பக்கத்து வூட்டு அம்மாவுக்கு ஒண்ணு குடும்மா. அவங்கதான் மாட்டப் பாத்துக்கினு கீறாங்க.”

தாமலிலிருந்து வேனில் வந்த ஒரு அம்மாள் ஐந்து கேட்டார். சித்தி என் கையிலிருந்து பிடுங்கினாள்.

“ஏம்மே, ஒரு எலைக்கு அஞ்சு பையா? தேங்கா கட வெக்கப் போறியா?”

“நீ குடுக்காத. ஃபாரின் பொண்ணு குடுக்குது, நீ ஏன் நடுவுல?”

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். மூன்றோடு சமாதானம் ஆயிற்று.

நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். பழக்கதோஷம். பந்தி ஓய்ந்த பிறகு சமையல் மேஸ்திரி இலைக் கணக்குச் சொன்னார்: நானூற்றுப் பதினெட்டு. என் மேசையிலிருந்து போன பைகள் நானூற்றுத் தொண்ணூற்றேழு. மண்டபத்தைக் கூட்டியவர்கள் நாற்காலிகளுக்கு அடியிலிருந்து முப்பத்தாறு பைகளைக் கொண்டு வந்து வைத்தார்கள். தேங்காயை எடுத்துக்கொண்டு பையை விட்டுப் போயிருந்தார்கள். அண்ணன் பெயர் ஈரத்தில் சாயம் போய்க் கிடந்தது. அந்தப் பண்ணைக்காரர் வீட்டில் எத்தனை தகடுகள் நாற்காலிக்கு அடியில் கிடந்தனவோ என்ற எண்ணம் வந்தது. ஆனாலும் நான் முடிவெடுத்தது அதனால் இல்லை.

வாலாஜாபாத் அத்தை, நைனாவின் அக்கா, அப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வந்தார். அழைப்பிதழில் அவர் மகன் பெயர் விட்டுப் போயிருந்தது. அச்சகத்தின் தவறு என்று நைனா நேரில் போய்ச் சொல்லியும் ஆறவில்லை. கல்யாணத்துக்கு வந்தார், சாப்பிட்டார். நான் பையை நீட்டினேன்.

“வேணாம்மா” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். “எனுக்கு எதுக்கு? வூட்ல தேங்கா கீது.” குடையை விரித்துக்கொண்டு ஆட்டோவைப் பார்த்து நடந்தார்.

சித்தியின் முகம் மாறிவிட்டது. “போய் உங்கம்மாவ இட்டா, சீக்கிரம்.”

அம்மா பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மழையில் ஓடினாள். ஆட்டோ கிளம்பிவிட்டது. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து நிறுத்தினார். நான் குடையோடு பின்னால் ஓடினேன்.

“அண்ணி, இத வாங்கிக்கினு போங்க” என்றாள் அம்மா அத்தையிடம்.

“எனுக்கு வேணாம்னு சொன்னனே.”

“உங்களுக்கு வேணாம். எனுக்கு வேணும். வாங்கிக்கினு திட்டுங்க. வூட்டுக்குப் போய் குப்பையில கூட போடுங்க. இங்க கையில வாங்கிக்கினு போங்க அண்ணி.”

அம்மாவின் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அத்தை வெளியே பார்க்காமல் கையை மட்டும் நீட்டினார். பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். ஆட்டோ போயிற்று. அம்மா அங்கேயே நின்று அழுதாள். பிறகு, “மொத பந்தி பொரியல்ல உப்பு கம்மி, பாத்தியா?” என்று கேட்டுக்கொண்டே திரும்பி நடந்தாள்.

அன்று சாயங்காலம் ஐவாருக்குச் செய்தி அனுப்பினேன். குழு என்று எழுத வேண்டாம், நன்றி.

ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னால் தெளிவாகச் சொல்லியிருக்க முடியுமா தெரியவில்லை. அதுவரை வாங்குகிறவர்களைப் பற்றியே நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த 240 பேரில் ஒருவர்கூட லெய்டாவின் பாட்டு வேண்டும் என்று கேட்டு வாங்கவில்லை. ஆட்டோவருகே நின்று அம்மா ‘எனுக்கு வேணும்’ என்றது போல, கொடுத்த ஒரு ஆளுக்குத்தான் வேண்டியிருந்தது. அவருக்கு மிக அதிகமாக வேண்டியிருந்தது. ஆனால் எங்கள் பட்டியலில் எவ்வளவு வேண்டும் என்பதற்குப் பத்தி கிடையாது. எத்தனை பேருக்கு வேண்டும் என்பதற்குத்தான் உண்டு. அந்தக் கணக்கில் அது ஒன்று.

இதை எழுதிவிட்டுப் படித்தால் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால், ஒரு ஆள் ராத்திரியெல்லாம் ஒரே பாட்டை ஓடவிட்டால் அதைப் பல பிரதிகளாக மாற்றி எண்ணுகிறோமே, அது மட்டும் எப்படிச் சரி என்று உடனே தோன்றுகிறது. அந்த வாய்பாட்டை நிரலாக எழுதியதும் நான்தான்.

ஆறு

வெள்ளிக்கிழமை காலை, அண்ணனும் அண்ணியும் மறுவீடு கிளம்பிக்கொண்டிருந்த சந்தடியில், விளக்கத்தை எழுதினேன். எட்டு வாக்கியங்கள். கொள்முதல் உண்மை. கொடுத்தது உண்மை. அந்த ஊரில் இது வழக்கம் இல்லை. முதலிடம் வர வேண்டும் என்று வாங்குகிறவர் கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறார். பாடகருக்கு இது தெரியாது. நான் வழக்கம் என்று குறித்தது, விருந்துக்கு வந்தவர் எல்லாருக்கும் பை கொடுத்து அனுப்பும் என் ஊர் வழக்கத்தை வைத்து. கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. என் முடிவு: ஒன்று.

அனுப்பும் முன் அம்மாவிடம் சொன்னேன்.

“அப்போ அந்த பாட்டுக்கார அம்மாவுக்கு எடம் இல்லையா?”

“இல்ல.”

“உன் வேலை?”

“தெரியலம்மா.”

“பொய் சொல்லிக்கீலாம்” என்றாள் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. அண்ணிக்குப் பூ கட்டிக்கொண்டே, இன்னொரு முழம் வாங்கியிருக்கலாம் என்பது போலச் சொன்னாள். “கல்யாணத்துல பொய் சொல்லலாம்.”

“அது கல்யாணம் இல்லம்மா.”

“வந்தவங்களுக்கெல்லாம் குட்த்து அனுப்பிக்கீறான். அப்பால இன்னா அது?”

விளக்கத்தை இன்னொரு முறை படித்துப் பார்த்தேன். அனுப்பிவிட்டேன்.

மாரிகாவின் பதில் மாலையில் வந்தது. திட்டவில்லை. அவர்கள் திட்டுவதில்லை, வாக்கியங்கள் குட்டையாகிவிடும், அவ்வளவுதான். மே மாதத்தில் வெளியான வாரப் பட்டியலைத் திருத்த விதியில் இடமில்லையாம். ஆண்டுப் பட்டியல் இன்னும் வெளியாகாததால் அதைத் திருத்தியே ஆக வேண்டுமாம். ஆகவே ஒரே வாரத்துக்கு இரண்டு பட்டியலிலும் வேறு வேறு பெயர் இருக்கும். என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, “இது அபத்தம் என்று எனக்கும் தெரியும்” என்றார். அடுத்ததாக, “உங்கள் ஊரில் உண்மையாகவே எல்லாருக்கும் பை கொடுப்பீர்களா?” என்று கேட்டார்.

“ஆமாம்.”

“தெரியாதவர்களுக்குமா?”

“அவர்களுக்குத்தான் இரண்டு.”

மாரிகா சிரிக்கவில்லை. பிறகு மற்றதைச் சொன்னார்.

இன்றைய தேதியில் நிலைமை இது. வாரப் பட்டியலில் பத்தொன்பதாவது வாரத்தின் முதலிடம் லெய்டா. ஆண்டுப் பட்டியலில் அந்த வாரத்துக்கு வேறொரு பாடகர் பெயர் இருக்கும். அவர் ஏற்கெனவே பல வாரம் முதலிடத்தில் இருந்தவர், இது ஒன்று கூடியதை அவர் கவனிக்கப் போவதில்லை. என் ஒப்பந்தத்தை மூன்று மாதத்துக்கு மட்டும் நீட்டியிருக்கிறார்கள். மூன்று மாத ஒப்பந்தத்துக்குக் குடியிருப்பு அனுமதி எத்தனை நாள் தருவார்கள் என்று அனுமதி அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் தேடினேன். நிறையக் கேள்வி பதில் இருக்கிறது, இந்தக் கேள்வி இல்லை. எழுதிக் கேட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு விமானம். ஆண்டுப் பட்டியல் அடுத்த வெள்ளிக்கிழமை வெளியாகிறது. லெய்டாவுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. நாளிதழில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது, ஆள் நேரில் போக வேண்டும் என்று மாரிகா சொல்லிவிட்டார். குறியிட்டவள் நான் என்பதால் நான்தான் போகிறேன். புதன்கிழமை காலை வடக்குக் கடற்கரைக்குப் பேருந்து. பண்ணைக்காரர் பெயரைச் சொல்வதா வேண்டாமா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை.